தீ வைக்கிறவன் பள்ளம்

மண் எரியும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சூளகிரியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உள்ளே போனால், இரண்டு கரட்டுக் குன்றுக்கு நடுவில் கிடக்கிற ஊர் கோரைதொட்டி. அங்கே மண்ணைத்தான் எரித்தார்கள். ஊருக்குக் கீழே ஒரு பெரிய பள்ளம். கரட்டில் பெய்கிற மழையெல்லாம் அதில்தான் வந்து தங்கும். நடுவில் ஓர் ஊற்றுக்கண் வேறு. ஆள் உயரத்துக்குச் சம்பங்கோரை வளரும், சாயும், தண்ணீருக்குள்ளேயே முழுசாக மட்காமல் கிடக்கும், அதன்மேல் அடுத்த கோரை முளைக்கும். எத்தனை தலைமுறையாக இப்படி நடந்ததோ தெரியாது. வெட்டி எடுத்தால் பாதி மண், பாதி நார், கன்னங்கரேலென்று இருக்கும். பாறைமேல் பரப்பி வெயிலில் காயவைத்துவிட்டால் கையில் கனமே தெரியாது. வேர்க்கட்டி என்று பெயர். அடுப்பில் வைத்தால் கொழுந்து விட்டு எரியாது, கனன்றுகொண்டே கிடக்கும். சாயங்காலம் வைத்த கட்டியில் மறுநாள் காலையில் வெந்நீர் போடலாம்.

அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. புகை கண்ணைப் பிடுங்கும். சுவர், சட்டை, சோறு, தலைமயிர் எல்லாவற்றிலும் அந்த நாற்றம் ஏறும். எல்லார் வீட்டிலும் கேஸ் வந்த பிறகும் ஏன் விடவில்லை என்றால், சிலிண்டர் தீர்ந்த வீட்டுக்கு அது வேண்டும், மார்கழிக் குளிரில் மாட்டுக்கொட்டகைக்கு வேண்டும், மாலூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர்கள் வண்டி கொண்டுவந்து ஏற்றிப்போவார்கள். அவ்வளவுதான் விஷயம்.

பள்ளத்துக்குப் பட்டா கிடையாது, புறம்போக்கு. ஆனால் ஊருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. மாசி மாதம் கோரை சருகாகக் காய்ந்து நிற்கும்போது அதற்குத் தீ வைப்பார்கள். மேலே கோரை எரிந்து போகும். கீழே ஊறிக் கிடக்கிற மண்ணைத் தீ தொடாது. சாம்பல் ஆறியதும் மண்வெட்டியோடு இறங்குவார்கள். அந்தத் தீயை எவன் வைக்கிறானோ அவன்தான் அந்த வருடத்துக்குப் பள்ளத்துக்காரன். யார் எந்த மூலையில் வெட்டுவது என்று அவன்தான் பிரித்துக் கொடுப்பான். ஒரு வருடம் அவன் கை தவறினால், அந்த வருடம் வைத்தவன் கைக்கு உரிமை போய்விடும். இப்போது தீ வைக்கிற கங்கப்பன் வீட்டுக்கு அந்த உரிமை வந்ததும் அப்படித்தான். அதுவரை பள்ளத்துக்காரராக இருந்த பங்காளி எல்லப்பனின் அப்பா அம்மை போட்டுப் படுத்திருந்த மாசியில், கங்கப்பனின் அப்பா போய்த் தீக்குச்சியைக் கிழித்துவிட்டார். எல்லப்பன் வீட்டார் அதை மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? பங்காளி வீட்டுக் கணக்கு அது, சாகிறவரைக்கும் மறக்காது.

கங்கப்பனுக்கு அறுபதை ஒட்டிய வயது. முழங்காலுக்குக் கீழே தோல் கறுத்து வெடித்திருக்கும். வேறு சொத்து என்று பார்த்தால் ஒரு மாடு, பள்ளத்தின் கரையில் மூன்று அறை வீடு, அதில் முன் அறை வாடகைக்கு. பள்ளத்துக்காரர் என்று ஊர் கூப்பிடுவதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. பெண்டாட்டி சம்பங்கிக்கு அந்த மிதப்பைக் கண்டாலே ஆகாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கட்டி அடுக்கி, கட்டி சுமந்து, புகையில் இருமி இருமி அவள் நெஞ்சு கிழிந்த துருத்தி மாதிரி இழுக்கிறது. மகள் தர்ஷினி தொழிற்பேட்டையில் செல்போன் பாகம் பூட்டுகிற கம்பெனிக்குப் போகிறாள். தினமும் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டுத்தான் கம்பெனி பஸ் ஏறுவாள். அப்படியும் பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலைத் திறந்துவிடுவாளாம்.

தொழிற்பேட்டை வந்தது பள்ளத்தின் கீழ்ப்பக்கம். போன கோடையில் மழைத்தண்ணீர் போக என்று ஆழமாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். பள்ளத்தின் அடிமட்டத்தைவிட அது ஆழம். பிறகு லாரி நிறுத்த இடம் போதவில்லை, பள்ளத்தை மேடாக்கிக் கொடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். அளந்து குச்சி நட வந்தவர் விஜயகுமார் என்கிற பேட்டை சூப்பர்வைசர். அவர் நட்ட மரக்குச்சிகளை அன்று சாயங்காலமே கங்கப்பன் பிடுங்கி வந்து அடுப்பில் வைத்தார். ஊரே கைதட்டியது. எல்லப்பனும்தான் தட்டினான்.

பள்ளத்தைக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாது என்று தாலுகாவுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் முன் அறையில் குடியிருக்கிற முத்துமணி. ஊர் திருநெல்வேலிப் பக்கம், இங்கே தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. நீர்நிலை என்று எழுதிவிட்டால் அதை எந்தக் கம்பெனிக்கும் கொடுக்க முடியாது என்று அவன்தான் விவரம் சொன்னான். தாலுகாவிலிருந்து அதிகாரி வந்து பார்வையிடுவதாகச் சொன்னார்கள். தையில் வருகிறேன் என்றார், வரவில்லை. மாசி பிறந்துவிட்டது. காய்ந்துவிட்டதா என்று கங்கப்பன் கோரையைத் தடவித் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பங்கி களி கிண்டி இறக்கி வைத்துக்கொண்டிருக்கும்போது முத்துமணி பேச்சை எடுத்தான்.

"அண்ணாச்சி, இந்த ஒரு வருசம் மட்டும் தீ வைக்காதீய. ஆபீசர் வந்து பாக்கும்போது கோரை நிக்கணும், நாலு கொக்கு நிக்கணும். கரியாக் கெடந்தா அவரு என்னத்தன்னு எழுதுவாரு?"

"நான் வெக்கலேன்னா எல்லப்பன் வெப்பான்," என்றார் கங்கப்பன். "தீப்பெட்டிய மடியில கட்டிக்கினு திரியறான் அவன்."

"அவர்கிட்டயும் நான் பேசுதேன்."

"பேசு. தலைய ஆட்டுவான். நீ ஷிப்டுக்குப் போனதும் வெச்சிடுவான். அப்புறம் எம் மூஞ்சிய நான் எங்க கொண்டு போயி வெக்கறது?"

சம்பங்கி கரண்டியைத் தட்டில் போட்டாள். வெச்சா வெச்சிட்டுப் போறான் என்றாள். கம்பெனிக்காரன் மூடினாலும் மூடிட்டுப் போவட்டும், எனக்கு மூச்சாவது வரும் என்றாள். கங்கப்பன் அவளைப் பார்த்த பார்வையில் முத்துமணி களித்தட்டோடு எழுந்து வெளியே போய்விட்டான். அன்று ராத்திரி தர்ஷினி போனில் யாரிடமோ ஹாஸ்டல் காலியாக இருக்கிறதா என்று விசாரித்தாள்.

கங்கப்பன் முட்டாள் இல்லை. கால்வாய் வெட்டியதிலிருந்து பள்ளத்தில் தண்ணீர் இறங்கியிருப்பது அவருக்கும் தெரியும். அதனால் அப்பா செய்த மாதிரியே பச்சை மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். கழியைக் குத்தி இழுத்தால் நுனியில் சேறு ஒட்டி வரவேண்டும், ஒட்டினால் அடி ஈரமாக இருக்கிறது, தீ வைக்கலாம். கழியில் சேறு ஒட்டத்தான் செய்தது. ஆனால் அவர் குத்திய இடம் ஊற்றுக்கண்ணின் ஓரம். அவர் அப்பா குத்தியதும் அங்கேதான், அவருக்கும் முன்னால் வைத்தவர்கள் குத்தியதும் அங்கேதான். பள்ளம் மொத்தமும் காய்ந்தாலும் கடைசியாகக் காய்கிற இடம் அது. கால்வாய்ப் பக்கத்து ஓரத்தில் ஒரு குத்து குத்திப் பார்த்திருந்தால் கழி புழுதியோடு வந்திருக்கும். அந்த ஓரத்தில் குத்திப் பார்க்கிற வழக்கம் யாருக்கும் இருந்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கோரைக்குத் தீ வைத்தார். நன்றாகத்தான் எரிந்தது. எல்லப்பன் பாறைமேல் குந்தி பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து பள்ளம் சாம்பலாகக் கிடந்தது. கங்கப்பன் குளித்துவிட்டு வந்து ஒரு தூக்கம் போட்டார். வெகுநாளைக்கப்புறம் நிம்மதியான தூக்கம் என்று அவரே பிறகு சொன்னார்.

சாம்பல் ஆறட்டும் என்று விட்டிருந்த நாட்களில் ஒரு காலை, கால்வாய் ஓரத்தில் பீடிப் புகை மாதிரி ஒரு கீற்று எழும்பியது. சம்பங்கிதான் முதலில் பார்த்தாள். கங்கப்பன் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றினார். உஸ்ஸென்று குடித்துக்கொண்டது. அடுத்த நாள் பக்கத்தில் நான்கைந்து கீற்று. அதற்கடுத்த நாள் எண்ண முடியவில்லை. கீழே ஈரம் வந்ததும் தானாக நின்றுவிடும் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். ஈரம் வந்தால்தானே நிற்கும்.

கரை ஓரத்துப் புங்கமரம் காற்றே இல்லாத ஒரு பகலில் படுத்துவிட்டது. வேர் மொத்தமும் கரி. இலை மட்டும் பச்சையாகவே இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஊருக்கு உறைத்தது. தீ மண்ணுக்கு அடியில் நடந்துகொண்டிருக்கிறது, மேலே நின்றால் தெரியாது. எல்லப்பனின் பசு மேயப் போய் முன்னங்கால் உள்ளே இறங்கி, குளம்பு வெந்து, கத்திய கத்தல் பால் சொசைட்டி வரைக்கும் கேட்டது. எல்லாருமாகச் சேர்ந்து குறுக்கே வாய்க்கால் தோண்டினார்கள். தோண்டின வாய்க்காலுக்கும் கீழே புகுந்து அந்தப் பக்கம் புகைந்தது. தீயணைப்பு வண்டி வந்து ஒரு டேங்க் தண்ணீரையும் அடித்தது. வெள்ளையாக ஆவி கிளம்பி ஊரே மூடிப்போனது. ஆவி கலைந்ததும் பழையபடி புகை. மேலே ஈர மண்ணைக் கொட்டிக் காற்றே போகாமல் அமுக்கினால்தான் அணையும், தண்ணீரால் ஆகாது என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம்தான் அதிகாரி வந்தார். வராமல் இருந்த மனிதர் சரியாக அப்போது பார்த்து வந்தார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை, கங்கப்பனைப் பார்த்துக் கும்பிட்டார்கூட. கரையில் நின்று ஒருமுறை கண்ணை ஓட்டினார்.

"மனுவுல நீர்நிலைன்னு போட்டிருக்கு. எங்கங்க தண்ணி?"

முத்துமணி முன்னால் வந்து, போன வருடம் வரைக்கும் இடுப்பளவு நின்றது சார், கால்வாய் வெட்டின பிறகுதான் வடிந்தது, நடுவில் இன்னமும் ஊற்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கெஞ்சினான்.

"நடுவுல எப்படி வர்றது? கால வெச்சா உள்ள போவுதுன்னு நீங்கதான சொல்றீங்க?" என்றார் அதிகாரி. "போன வருசம் நான் வரல தம்பி. இன்னிக்கி வந்திருக்கேன். நான் பாக்கறதத்தான எழுத முடியும். எரியற எடத்த நீர்நிலைன்னு எழுதிக் கொடுத்தா எனக்கு மேல இருக்கறவன் என்னத் தூக்கி அடிப்பான்."

ஜீப் போன பிறகு கங்கப்பன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். முத்துமணி மனு நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனான். ஒரு மனிதன் தன் உரிமையைக் காட்ட வைத்த தீயே அவன் வழக்கைத் தின்றுவிட்டது. இதை எந்தத் தெய்வத்திடம் போய் முறையிடுவது?

பங்குனி வெயிலில் தீ ஊர்ப்பக்கம் திரும்பியது. கரையோர வீடுகளின் சுவரில் விரிசல் விட்டது. தரையில் வெறுங்காலை வைத்தால் சுடுகிறது என்றார்கள். பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். சம்பங்கியை மூச்சிழுப்போடு ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அவள் அங்கே இருக்கமாட்டேன் என்று சண்டை போட்டுத் திரும்பி வந்தாள். தர்ஷினி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பால் சொசைட்டி முன்னால் ஊர் கூடியது. அன்றைக்குக் கைதட்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் அந்தக் கைதட்டல் இல்லை. மண் கொட்டி அமுக்கணும், அவ்வளவு மண் பேட்டையில்தான் இருக்கிறது, யார் போய்க் கேட்பது என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்தது.

"வெச்சவன் அணைக்கணும்," என்றான் எல்லப்பன். "அதுதான மொற."

கங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பேட்டை வாசலில் விஜயகுமார் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். பிடுங்கிய குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் கங்கப்பனுக்குப் பதில் சொல்லத் தெரியும், மரியாதைக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. மண் எங்களிடம் மலையாகக் கிடக்கிறது பெரியவரே, கொட்ட இடமில்லாமல்தான் நிற்கிறோம் என்றார் விஜயகுமார்.

"ஆனா ஒண்ணு. நாளைக்கிக் கம்பெனிதான் மூடிச்சுன்னு பேச்சு வரக்கூடாது. ஊரு கேட்டுது, நாங்க கொட்டினோம். சரிங்களா? கொட்டறதுன்னா பாதியில நிறுத்த மாட்டோம், முழுசா மட்டம் பண்ணிடுவோம். அப்புறம், வண்டி அமுங்கிடும்னு டிரைவருங்க பயப்படறாங்க. எடம் தெரிஞ்சவரு முன்னாடி நடக்கணும்."

"நடக்கறன்," என்றார் கங்கப்பன். டீயைக் குடிக்காமலேயே வைத்துவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து லாரிகள் வந்தன. கங்கப்பன் மூங்கில் கழியோடு முன்னால் நடப்பார். குத்திப் பார்ப்பார், காலால் அழுத்திப் பார்ப்பார், பிறகு கையைக் காட்டுவார். லாரி பின்பக்கமாக வந்து செம்மண்ணையும் உடைத்த கான்கிரீட்டையும் கவிழ்க்கும். இந்த ஓரத்தில் முனுசாமி வீட்டார் வெட்டுவார்கள், அந்த ஓரம் அவர் அப்பா வெட்டியது, இந்த மூலைக் கட்டிதான் அதிக நேரம் நின்று எரியும். அதெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர்களுக்கு எதற்கு அது? வா, வா, நிறுத்து என்கிற மூன்று வார்த்தையிலேயே அவர் பொழுது போனது. சம்பங்கி வீட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிட வந்தால் சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே நிற்பாள். திட்டக்கூட இல்லை. ஊருக்குள் புகை குறைந்தது. பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எல்லாருக்கும் நிம்மதி. ஊர் நிம்மதிக்கு என்ன, யார் தலையிலாவது ஏற்றிவிட்டால் வந்துவிடும்.

கடைசியில் நடுப்பகுதி மட்டும் மிச்சம். ஊற்றைச் சுற்றி ஒரு களத்துமேடு அளவுக்குக் கறுப்புமண் ஈரமாகவே கிடந்தது. தீ அதை நெருங்கி வந்து தானாகவே நின்றிருந்தது. எரிந்த தூர்களிலிருந்து கோரை பச்சையாக விரல் நீளத்துக்குக் கிளம்பியிருந்தது. முத்துமணி ஓடிவந்து பார்த்துவிட்டு, இது போதும் அண்ணாச்சி, இதைக் காட்டி மறுபடி மனு கொடுக்கலாம், இதை மட்டும் விடச் சொல்லுங்க என்றான். விஜயகுமார் தலையைச் சொறிந்தார். லாரி நிறுத்துகிற யார்டுக்கு நடுவில் குழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது, முழுசாக மட்டம் பண்ணுவோம் என்று அன்றைக்கே சொன்னேனே என்றார். பிறகு, பெரியவர் வேண்டாமென்றால் மேலே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறேன், இன்றைக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறேன் என்றும் சொன்னார். அப்படிச் சொன்னது நிஜம், பக்கத்தில் நின்றவர்கள் கேட்டார்கள்.

கங்கப்பன் கழியால் அந்த ஈரமண்ணைக் குத்திக்கொண்டு நின்றார். அப்போது கரையிலிருந்து எல்லப்பன் இறங்கி வந்தான். அவன் கையிலும் ஒரு மூங்கில் கழி இருந்தது.

"உன்னால முடியலேன்னா ஒதுங்கிக்க கங்கா. எடம் நான் காட்டறன். எங்கப்பன் பள்ளந்தான இது."

கங்கப்பனின் முகம் மாறியது. கழியை ஊன்றி, ஊற்றோரமாகப் போய் நின்று, லாரியைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

வீட்டு வாசலிலிருந்து சம்பங்கி வந்தாள். ஓட முடியாத பொம்பளை, மூச்சு வாங்க வாங்க வந்து லாரிக்கும் ஊற்றுக்கும் நடுவில் அந்த ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் பிரேக் போட்டு எட்டிப் பார்த்தான்.

"எந்திரி," என்றார் கங்கப்பன். "வண்டி நிக்கிது."

"நிக்கட்டும். எனக்கு இது ஆவாதுதான். நாசமாப் போவட்டும்னு எத்தினி நாள் வாயார சொல்லியிருக்கறன். ஆனா ஊரு போர்க்கெணறு எல்லாம் வத்துனப்ப இந்த ஊத்துலதான் எம் புள்ளைக்கித் தண்ணி மொண்டன். இங்க நெருப்பு வரல மாமா. இத மூட ஒரு அவசியமும் இல்ல. அந்த மனுசரே திருப்பி உடறேங்கறாரு. வோணாம்னு சொல்லு."

"நான் காட்டலேன்னா அவன் காட்டுவான்டி."

"காட்டட்டுமே."

"காட்டுனா பள்ளம் அவன் கைக்குப் போயிடும்."

சம்பங்கி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். நாலு பக்கமும் செம்மண்ணும் உடைந்த கான்கிரீட்டும் கரை வரைக்கும் மட்டமாகக் கிடந்தன.

"எந்தப் பள்ளம் மாமா?" என்றாள்.

கங்கப்பன் குனிந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கி ஓரமாக நிறுத்தினார். அவளுக்குத் திமிற மூச்சு இல்லை. எல்லப்பன் கழியோடு இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். கங்கப்பன் அவனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு லாரிப் பக்கம் திரும்பி, "வா, வா, பின்னால வா," என்று கையைக் காட்டினார். லாரி வந்தது.